ஃபிளைட் ஜாக்கெட் வாங்கும் முன்: பெரியமேட்டில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை பெரியமேட்டில் தோல் உடுப்புகளைப் பழுது பார்க்கும் சின்னப் பட்டறை நடத்துகிறேன். ஜிப் மாற்றுவது, லைனிங் மாற்றுவது, கிழிந்த இடத்தில் ஒட்டுப் போடுவது, ஆர்டர் வந்தால் வருஷத்துக்குச் சில ஜாக்கெட் தைப்பது. சமீப காலமாக அந்தக் கால விமானிகள் போட்ட பாணியில் ஜாக்கெட் தேடி வருகிறவர்கள் அதிகம். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். தப்பான ஜாக்கெட்டை நிறைய பணம் கொடுத்து வாங்கிவிட்டு, சரிசெய்ய முடியுமா என்று கொண்டுவருபவரைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. அதனால் எழுதுகிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் சொன்ன மாதிரியே வைத்திருக்கிறேன்.

"ஃபிளைட் ஜாக்கெட்னா என்ன சார்? ஜிப் வச்ச லெதர் ஜாக்கெட் எல்லாமே அதுதானே?"

இல்லை. இது குளிருக்காகப் பிறந்த வேலை உடுப்பு. தரையிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டர் மேலே போகும்போதும் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. 25,000 அடியில் அது மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போய்விடும். முதலில் வந்த விமானங்களில் விமானி திறந்தவெளியில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் உலகப்போர் காலத்துக் குண்டுவீச்சு விமானங்களில்கூட, பெரும்பாலானவற்றில் காற்றழுத்தம் நிறைத்த சூடான அறை கிடையாது. பக்கவாட்டு ஜன்னல் திறந்திருக்க, துப்பாக்கியைப் பிடித்தபடி வீரர்கள் மணிக்கணக்கில் நின்றார்கள்.

அந்த வேலைதான் இதன் வெட்டை, அதாவது கட்டிங்கைத் தீர்மானித்தது. உட்கார்ந்தே இருப்பவருக்கு நீளக் கோட்டு மடியில் சுருளும். அதனால் ஜாக்கெட் இடுப்போடு நின்றது. மணிக்கட்டிலும் இடுப்பிலும் பின்னல் பட்டி வைத்தது காற்று உள்ளே ஏறாமல் இருக்க. ஜிப்புக்குப் பின்னால் ஓடும் தோல் பட்டையும் அதற்குத்தான். ஜிப்பின் பற்கள் வழியாகக் குளிர்காற்று நெஞ்சில் அடிக்கும். இந்தக் காரணங்கள் தெரிந்துவிட்டால், கடையில் தொங்குவதில் எது ஒழுங்காகத் தைத்தது, எது பார்வைக்கு மட்டும் தைத்தது என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும்.

"நம்ம சென்னை வெயில்ல இதை யாருண்ணே போடுவாங்க?"

நேர்மையாகச் சொல்கிறேன்: சென்னைக்குள் பகலில் போட முடியாது. டிசம்பர், ஜனவரி விடிகாலையில் 20 டிகிரிக்குப் பக்கம் இறங்கும்போது, பைக்கில் போகிறவருக்கு மெல்லிய லைனிங் வைத்த ஜாக்கெட் இதமாக இருக்கும். ஆட்டுரோமம் வைத்தது இந்த ஊரில் ஒரு நாள்கூடத் தேவைப்படாது. என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊட்டி, கொடைக்கானல், லடாக் போகிறவர்கள். அல்லது பிள்ளைகளை ஜெர்மனிக்கோ கனடாவுக்கோ படிக்க அனுப்புகிறவர்கள்.

ஆனால் இந்த ஊருக்கும் இந்த உடுப்புக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்காதீர்கள். இரண்டாம் உலகப்போரின்போது செங்குன்றம் ஏரியிலிருந்து காட்டலினா கடல் விமானங்கள் வங்கக் கடலைக் கண்காணிக்கப் புறப்பட்டன. தரையில் வியர்த்து ஊற்றும் ஊர்தான். 3 கிலோமீட்டர் மேலே போனால் கிட்டத்தட்ட 20 டிகிரி குறைந்துவிடும்.

"ஏ-2, ஜி-1, பி-3ன்னு நம்பரா சொல்றாங்க. எனக்குத் தலை சுத்துது."

மூன்று நான்கைத் தெரிந்துகொண்டால் போதும். ஏ-2 என்பது அமெரிக்க ராணுவத்தின் வான்படைப் பிரிவு 1931-ல் ஏற்றுக்கொண்டது. சட்டைக் காலர், காலர் முனையை அழுத்திப் பூட்டும் பிரஸ் பட்டன், முன்பக்கம் மேல்மூடியோடு இரண்டு பைகள், தோள் பட்டி, உள்ளே மெல்லிய துணி லைனிங். முதுகு முழுவதும் ஒரே துண்டுத் தோல். பக்கவாட்டில் கை நுழைக்கும் பை அசலில் கிடையாது; இன்று விற்பதில் இருந்தால் அது வசதிக்காகச் சேர்த்தது, குற்றமில்லை. 1943-ல் இதற்கான ராணுவ ஆர்டர்கள் நின்று, துணி ஜாக்கெட்டுகள் அந்த இடத்துக்கு வந்தன.

ஜி-1 கடற்படை விமானிகளுடையது. அதன் முன்னோடியான எம்-422ஏ 1940-ல் வந்தது. ஜி-1 என்ற பெயர் 1947-ல் வைக்கப்பட்டது. வெள்ளாட்டுத் தோல், கழுத்தில் ரோமக் காலர், முதுகில் தோளை ஒட்டி இரண்டு மடிப்புகள். கையை முன்னால் நீட்டும்போது அந்த மடிப்பு விரிந்து கொடுக்கும். இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு ஜி-1 மேல் தனி மரியாதை. தைக்கும்போது அதிகம் கஷ்டப்படுத்துவதும் அந்த மடிப்புதான்.

பி-3 முழுக்கச் செம்மறி ஆட்டுத்தோல், 1934-ல் வந்தது. தோல் வெளியே, ரோமம் உள்ளே, கழுத்தில் இறுக்கிக் கட்ட இரண்டு வார். அதையே கொஞ்சம் ஒல்லியாக்கி 1939-ல் பி-6 வந்தது. பிரிட்டன் விமானிகள் போட்டது இர்வின் ஜாக்கெட். அதை உருவாக்கிய லெஸ்லி இர்வின் அமெரிக்கர். 1919-ல் தானே பாராசூட்டோடு குதித்து, கையால் இழுத்து விரித்துக் காட்டியவர். 1926-ல் இங்கிலாந்தின் லெட்ச்வொர்த்தில் பாராசூட் தொழிற்சாலை தொடங்கினார். அகலமான காலர், இடுப்பில் பெல்ட், கையுறைக்கு மேல் இறக்க முன்கையில் ஜிப் இருந்தால் அது இர்வின் பாணி. கடைகளில் இவை எல்லாவற்றையும் "பாம்பர்" என்று ஒரே பெயரில் சொல்வார்கள். அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், வெட்டைப் பாருங்கள்.

"கறுப்பு கலர்ல ஏ-2 கிடைக்குமா?"

கிடைக்கும். ஆனால் அசல் ஏ-2 பழுப்புதான்: ஒன்று கறுப்பை நெருங்கும் கரும்பழுப்பு, இன்னொன்று செம்பழுப்பு. பழைய பாணி வேண்டும் என்றால் பழுப்பு எடுங்கள். தேய்மானமும் பழுப்பில்தான் அழகாகத் தெரியும்.

"பையன் கனடாவுக்குப் படிக்கப் போறான். பி-3 வாங்கிக் கொடுத்திடலாமா சார்?"

கேட்கும்போதே பெற்றோரின் அக்கறை தெரிகிறது. ஆனால் மூன்று விஷயம் யோசியுங்கள். முதலாவது எடை. ஒழுங்கான பி-3 மூன்று கிலோ பக்கம் வரும், பெட்டியில் பாதியை அடைத்துக்கொள்ளும். விமானத்தில் கையில் மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டாவது, அங்கே வெளியேதான் குளிர். வகுப்பறை, பேருந்து, கடை எல்லாம் சூடாக்கிய இடங்கள். நாள் முழுக்கக் கழற்றி மாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது, ஈரப்பனிக்கும் மழைக்கும் இது ஏற்றதல்ல.

காய்ந்த கடும் குளிரில், காற்றில் நடக்கிறவருக்கு ஆட்டுரோமத்துக்கு ஈடு குறைவு. அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் வருஷத்துக்கு மாணவனுக்குத் தேவை, தலைமூடியோடு தொடை வரை வரும் சாதாரணக் குளிர்கோட்டு. அதை அங்கே போய் வாங்கட்டும். பி-3யை ஆசைக்கு, பிறகு வாங்கலாம். இந்தப் பதிலால் எனக்குச் சில ஆர்டர் போயிருக்கிறது. ஆனாலும் இதையே சொல்வேன்.

"அப்போ ஊட்டிக்கு எது?"

ஏ-2 அல்லது ஜி-1, உள்ளே ஒரு ஸ்வெட்டர். அவ்வளவுதான். ஜனவரியில் உறைபனி விழும் தலைகுந்தா பக்கம் விடிகாலையில் நிற்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் பி-6 மாதிரி ஒல்லியான ஆட்டுரோம ஜாக்கெட்டை நினைக்கலாம். ஏற்காட்டுக்கும் ஏலகிரிக்கும் ஏ-2வே கூடுதல்.

"எந்தத் தோல் பெஸ்ட்?"

அசல் ஏ-2 பெரும்பாலும் குதிரைத்தோல். கெட்டியாக, பளபளப்பாக, மடியும் இடத்தில் ஆழமான சுருக்கம் விழும். நம்மூரில் அது கிடைப்பது அரிது. நம் சந்தையில் உங்கள் முன் வருவது வெள்ளாடு, செம்மறி, மாடு, எருமை. என் தேர்வு வெள்ளாடு. ஒரு மில்லிமீட்டர் கனத்திலேயே உறுதி, மேலே சின்னச் சின்னப் புள்ளி மாதிரி இயற்கையான தானியம் (தோலின் மேற்பரப்பில் தெரியும் வரியையும் புள்ளியையும் அப்படிச் சொல்வோம், ஆங்கிலத்தில் கிரெய்ன்), எடையும் குறைவு. ஜி-1 வெள்ளாட்டில் தைக்கப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. செம்மறித்தோல் வெண்ணெய் மாதிரி மென்மை. கடையில் தொட்டதும் மயங்குவீர்கள். ஆனால் ஆணி பட்டால் கிழியும். எருமை முரட்டுத்தோல், தானியம் பெரிசு, உடம்போடு படிய நாளாகும்.

பதனிடும் முறையையும் கேளுங்கள். குரோம் உப்பில் பதனிட்டது மென்மையாக இருக்கும், ஈரத்தை ஓரளவு தாங்கும். தாவரப் பட்டையில் பதனிட்டது வயசாக ஆக நிறம் ஆழமாகும், வாசனையே தனி. நம் ஊரில் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடித்து ஏற்றுமதி செய்த தோலுக்கு உலகம் முழுக்கப் பெயர் இருந்தது. ஈஸ்ட் இந்தியா தோல் என்று புவிசார் குறியீடும் உண்டு. எனக்கு அதன்மேல் பற்று அதிகம். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: சென்னை ஈரத்தில் தாவரப் பதனிட்ட தோலில் பூஞ்சை சீக்கிரம் வரும். பராமரிக்க நேரம் இல்லாதவர் குரோமே எடுக்கட்டும்.

"ஒரிஜினலா ரெக்சினான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? லைட்டர் வச்சுப் பாக்கலாமா?"

கடைக்காரர் ஜாக்கெட்டில் நெருப்பு வைக்காதீர்கள். தேவையும் இல்லை. தையலுக்குள் மடங்காத ஒரு ஓரத்தைத் தேடுங்கள். பையின் உள்ளே, காலரின் அடியில் இருக்கும். தோலின் வெட்டு ஓரம் நார் நாராக இருக்கும். ரெக்சின் என்றால் மேலே பிளாஸ்டிக் படலம், அடியில் துணி என்று இரண்டு அடுக்கு தெரியும். அடுத்து, கட்டை விரலால் அழுத்துங்கள். நிஜத்தோலில் விரலைச் சுற்றிச் சுருக்கங்கள் ஓடும். முதுகுத் தோலையும் கைத்தோலையும் ஒப்பிடுங்கள்: தானியம் எல்லா இடத்திலும் அச்சு மாதிரி ஒன்றாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

"ஜென்யூன் லெதர்" என்று முத்திரை இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அடிப்பகுதித் தோலைப் பிளந்தெடுத்து, மேலே பிளாஸ்டிக் பூசியதற்கும் அந்த முத்திரை விழும். பாலியூரித்தேன் என்ற அந்த பிளாஸ்டிக் பூச்சுக்கு நம் ஊர் ஈரமே எதிரி. அது ஈரத்தோடு வினைபுரிந்து சிதைந்து, பீரோவில் சும்மா தொங்கும்போதே சில வருஷத்தில் செதில் செதிலாக உரியும். உரிந்த ஜாக்கெட்டைச் சரிசெய்யச் சொல்லி மாசத்துக்கு ஒருவராவது வருகிறார். அதற்கு வைத்தியம் கிடையாது.

"ஷியர்லிங்னு சொல்லி வித்தாங்க. ரோமம் நிஜமான்னு டவுட்டா இருக்கு."

ஷியர்லிங் என்றால் ரோமத்தோடு சேர்த்துப் பதனிட்ட செம்மறித்தோல். ரோமத்தை விரலால் பிரித்து அடியைப் பாருங்கள். தோலிலிருந்தே முளைத்திருந்தால் நிஜம். அடியில் பின்னிய துணி தெரிந்தால் அது செயற்கை, அல்லது தனியாக ஒட்டியது. பிரித்த பிறகும் சந்தேகம் என்றால், உதிர்ந்த ஒரே ஒரு இழையை வீட்டில் தீக்குச்சியில் காட்டுங்கள். முடி கருகும் நாற்றம் வந்து சாம்பலானால் ரோமம்; உருகி உருண்டையானால் செயற்கை. மேலே நெருப்பு வேண்டாம் என்றேன், அது ஜாக்கெட்டுக்கு. ஓர் இழைக்கு இது பரவாயில்லை.

"நான் சட்டை 40 போடறேன். ஜாக்கெட்டும் 40 எடுத்தா சரியா?"

லேபிள் எண்ணை மறந்துவிடுங்கள். தைப்பவருக்குத் தைப்பவர் மாறும், அதுவும் பழைய வெட்டு என்றால் ஒல்லியாக இருக்கும். உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு ஜாக்கெட்டைப் பூட்டி, தரையில் விரித்து, ஓர் அக்குளிலிருந்து மற்ற அக்குள் வரை அளந்துகொள்ளுங்கள். நெஞ்சு 40 அங்குலம் உள்ளவருக்கு ஏ-2வில் இது 22 அங்குலம் அளவில் இருந்தால் சட்டைக்கு மேல் சரியாக உட்காரும், ஒரு மெல்லிய ஸ்வெட்டரும் போகும். பி-3க்கு உள்ளே ரோமம் இடத்தை எடுத்துக்கொள்வதால் 24-க்குக் குறையக் கூடாது.

தோள் தையல் தோள் எலும்பின் விளிம்பில் விழ வேண்டும். தோள் பெரிதாகிவிட்டால் சரிசெய்வது ஏறக்குறைய முடியாது. கையைத் தொங்கவிட்டால் பின்னல் பட்டி மணிக்கட்டு எலும்பை மூட வேண்டும். ஜிப்பைப் பூட்டி, ஸ்டீயரிங் பிடிப்பது போல இரண்டு கையையும் நீட்டுங்கள்; முதுகு இறுகி மூச்சுப் பிடித்தால் ஒரு அளவு மேலே. "போடப் போட லூசாகும்" என்று விற்பவர் சொல்வது முழங்கைக்கும் தோளுக்கும் ஓரளவு உண்மை. நீளத்துக்கு உண்மையே இல்லை.

நீளத்தைப் பற்றித்தான் அதிகப் புகார். "சட்டை வெளியே தெரியுது, ஜாக்கெட் குட்டை" என்பார்கள். அந்தக் காலத்தில் பேண்ட் தொப்புள் அளவில் நின்றது. ஜாக்கெட்டின் பட்டி அந்த பெல்ட்டைத் தொட்டால் போதும். இப்போதைய ஜீன்ஸ் கீழே இறங்கி நிற்கிறது. அதனால் ஜாக்கெட்டை நீளமாக்காமல், இடுப்பு உயர்ந்த பேண்ட் போடுங்கள், சட்டையை உள்ளே விடுங்கள். நீளமாக்கித் தைத்த ஏ-2, பார்க்க ஏ-2வாகவே இருக்காது.

"லேடீஸ் போடலாமா? எனக்கு எல்லாமே தொளதொளன்னு இருக்கு."

தாராளமாக. இந்த வெட்டு ஆண் உடம்புக்குப் போட்டது என்பதால் தோள் அகலமாகவும் இடுப்பு நேராகவும் இருக்கும். ஆண்கள் அளவில் சின்னதைத் தேடுவதைவிட, தைத்துக்கொள்வது மேல். 1936-ல் சரளா தக்ரல் புடவை கட்டிக்கொண்டே ஜிப்ஸி மாத் விமானம் ஓட்டி உரிமம் வாங்கினார். புடவைக்கு மேலே ஜி-1 போட்டு என் பட்டறைக் கண்ணாடி முன் நின்ற ஒரு கல்லூரிப் பேராசிரியையைப் பார்த்திருக்கிறேன். இடுப்போடு நிற்கும் வெட்டு என்பதால் கொசுவம் கெடாமல் அழகாக இருந்தது.

"தைக்கக் கொடுத்தா என்னென்ன பாத்துக் கொடுக்கணும்?"

முதலில் தோலைப் பார்த்துப் பேசுங்கள், மாதிரிப் படத்தைப் பார்த்து மட்டும் பேச வேண்டாம். ஒரு வெள்ளாட்டுத் தோல் சின்னது, பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு சதுர அடி. ஒரு ஏ-2வுக்கு முப்பது சதுர அடி பக்கம் தேவை. அப்படியென்றால் பல ஆட்டின் தோல் ஒரே ஜாக்கெட்டில் சேர்கிறது. எல்லாத் தோலையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து நிறமும் தானியமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முதுகுக்கு ஒரே துண்டு வேண்டும் என்பதை வெட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் நடுவில் ஒட்டித் தைத்துவிடுவார்கள்.

இரண்டாவது, லைனிங் துணியில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். துணியில் தப்புத் தையலைப் பிரித்தால் மறைந்துவிடும். தோலில் ஊசி போட்ட ஓட்டை ஓட்டைதான். நல்ல கைக்காரர் இதற்கு மறுக்க மாட்டார். ஜிப் பித்தளையில், பல் பெரிசாக இருக்கட்டும். பின்னல் பட்டிக்குக் கம்பளி கலந்த நூல் கேளுங்கள். வெறும் பருத்திப் பட்டி ஒரு சீசனில் தொங்கிவிடும்.

"மழைக்காலம் முடிஞ்சு பீரோவைத் திறந்தா ஜாக்கெட் முழுக்க வெள்ளையா பூஞ்சை. தூக்கிப் போட்டுடணுமா?"

வேண்டாம். பெரும்பாலும் காப்பாற்றலாம். மொட்டை மாடிக்கோ வராந்தாவுக்கோ எடுத்துப் போங்கள், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். காய்ந்த துணியால் துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போடுங்கள். பிறகு சர்ஜிகல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சமமாகக் கலந்து, முதலில் காலரின் அடியில் கொஞ்சம் தடவி நிறம் போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் லேசாக ஈரமான துணியால் எல்லா இடமும் துடையுங்கள், தையல் ஓரம், பையின் உள்ளே உட்பட. நிழலில், மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள். வெயில் கூடாது. அப்புறம் தோலுக்கான கண்டிஷனரை மெல்லிசாகத் தடவுங்கள்.

வராமல் தடுப்பதுதான் முக்கியம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு வசதி. நம் ஊரில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அது சாதாரணம். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறியுங்கள். பழைய பருத்தி வேட்டியை மேலே போர்த்தி, அகலமான மர ஹேங்கரில், சுவரை ஒட்டாமல் தொங்கவிடுங்கள். இரும்பு பீரோ என்றால் வாரம் ஒரு முறை ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். ஏசி ஓடும் அறை இருந்தால் அதுவே நல்ல இடம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையில் என் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இரண்டு ஜாக்கெட் இரண்டு நாள் ஊறிக் கிடந்தன. ஒன்று நான் முதன்முதலாகத் தைத்த வெள்ளாட்டுத்தோல் ஏ-2. அதை நல்ல தண்ணீரில் அலசி, துண்டால் ஒற்றி, உள்ளே செய்தித்தாள் திணித்து, ஒரு வாரம் நிழலில் விட்டேன். இன்றைக்கும் போடுகிறேன். இன்னொன்று செம்மறி ரோமம் வைத்தது. ரோமம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டதால் காயவே இல்லை. நாற்றம் தாங்காமல் அவசரப்பட்டு வெயிலில் போட்டேன். தோல் அப்பளம் மாதிரி விறைத்து, மடித்த இடத்தில் வெடித்துவிட்டது. பொறுத்திருந்தால் பாதியாவது தேறியிருக்கும்.

"பாட்டி தேங்காய் எண்ணெய் தடவச் சொல்றாங்க. தடவலாமா?"

பாட்டியின் செருப்புக்கு அது சரியாக இருந்திருக்கும். ஜாக்கெட்டுக்கு வேண்டாம். திட்டுத் திட்டாகக் கறுக்கும், சட்டையில் ஒட்டும், கொஞ்ச நாளில் சிக்கு வாடை அடிக்கும், மேலே சொன்ன பூஞ்சைக்கும் தீனியாகும். ஷூ பாலிஷும் இதே மாதிரிதான், காலர் எல்லாம் கறையாகும். கண்டிஷனர் வருஷத்துக்கு இரண்டு முறை போதும். நான் மழைக்கு முன்னால் செப்டம்பரில் ஒரு முறை, பொங்கல் முடிந்ததும் ஒரு முறை போடுகிறேன்.

"ரோமத்துல பூச்சி வைக்குமா?"

வைக்கும். அந்துப்பூச்சியின் புழுவுக்குக் கம்பளி ரோமம் உணவு. வியர்வையும் உணவுக் கறையும் உள்ள இடத்தைத்தான் முதலில் தின்னும், அதனால் சீசன் முடிந்ததும் சுத்தம் செய்துவிட்டு வையுங்கள். அந்துருண்டையைத் துணியில் முடிந்து பக்கத்தில் தொங்கவிடலாம், தோலின் மேல் படக் கூடாது. மாதம் ஒரு முறை வெளியே எடுத்து உதறி, ரோமத்தைச் சீப்பால் வாரிவிடுங்கள். மருந்தைவிட இந்த உதறல்தான் பூச்சியை விரட்டும்.

"வியர்வை நாத்தம் போகலை. டிரை வாஷ் போடலாமா?"

தோல் உடுப்பைச் செய்து பழக்கம் உள்ள கடையா என்று கேட்டுவிட்டுத்தான். சாதாரண டிரை வாஷ் தோலின் எண்ணெயை இழுத்துவிடும், நிறமும் மங்கும். நாற்றம் பெரும்பாலும் லைனிங்கில் இருக்கிறது. உட்புறத்தைத் திருப்பி, மிக லேசான சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் லைனிங்கை மட்டும் துடைத்து, காற்றில் விடுங்கள். அப்படியும் போகாவிட்டால் லைனிங்கையே மாற்றிவிடலாம், ஒரு நாள் வேலை. ஜாக்கெட்டுக்கு உள்ளே எப்போதும் பருத்தி பனியனோ சட்டையோ போட்டால் இந்தக் கேள்வியே வராது.

"புல்லட்ல போறப்போ இதைப் போட்டா பாதுகாப்புதானே?"

இதில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இல்லை. ஃபிளைட் ஜாக்கெட் குளிர்காற்றைத் தடுக்கச் செய்தது. தார்ச்சாலையில் உராய்ந்து போவதற்கும், முழங்கை மூட்டு அடிபடுவதற்கும் செய்ததல்ல. நான் மேலே புகழ்ந்த ஒரு மில்லிமீட்டர் வெள்ளாட்டுத்தோலில் காப்புப் பட்டை கிடையாது, தையலும் அந்த வேகத்துக்குப் போட்டதில்லை. வெறும் சட்டையைவிட மேல், அவ்வளவே. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போகிறவர், தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் காப்பு வைத்த பைக் ஜாக்கெட் வாங்கட்டும். போய்ச் சேர்ந்து இறங்கிய பிறகு ஏ-2வை மாட்டிக்கொள்ளலாம்.

"பழசு மாதிரி தெரிய உப்புத்தாள் போட்டு தேய்க்கலாமா?"

செய்யாதீர்கள், தயவுசெய்து. கடையில் தேய்த்துத் தருவதும் எனக்குப் பிடிக்காது. தேய்மானம் விழ வேண்டிய இடங்கள் உண்டு: ஜிப்பின் ஓரம், பைமூடியின் முனை, முழங்கை, காலர் மடிப்பு. உப்புத்தாள் முதுகின் நடுவில் தேய்க்கும். அங்கே யாருக்கும் தேயாது. மேல்படலம் போனால் கறையும் ஈரமும் நேரே இறங்கும். இரண்டு மூன்று குளிர்காலம் போடுங்கள், தானாக வரும்.

"யுத்த காலத்து ஒரிஜினலே ஆன்லைன்ல வருது. வாங்கிடவா?"

போட்டுக்கொள்ளவா, வைத்துப் பார்க்கவா என்று முதலில் முடிவு செய்யுங்கள். எண்பது வருஷம் கடந்த தோல், குறிப்பாகச் செம்மறி, வெளியே நன்றாகத் தெரிந்தாலும் கையை மடக்கியதும் காகிதம் மாதிரி கிழியலாம். விரலால் தேய்த்தால் செம்பழுப்புப் பொடி உதிர்கிறது என்றால் தோல் உள்ளே செத்துவிட்டது. எந்த எண்ணெயும் மீட்காது. படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மடிப்புகளை அருகில் காட்டும் வீடியோ கேளுங்கள்.

போலியைக் கண்டுபிடிக்க ஜிப்பைப் பாருங்கள். அமெரிக்க ஜாக்கெட்டுகளில் டாலன், கிரவுன், கான்மார் போன்ற பெயர் பொறித்த உலோக ஜிப் இருக்கும். பிளாஸ்டிக் சுருள் ஜிப் இருந்தால் ஒன்று மாற்றியிருக்கிறார்கள், இல்லை கதை சொல்கிறார்கள். காலருக்குக் கீழே உள்ள லேபிளில் ரகம், தயாரித்தவர், அளவு இருக்கும். லேபிள் மட்டும் புத்தம் புதுசாக மின்னினால் விலகிவிடுங்கள்.

"பேட்ச், விங்ஸ் எல்லாம் தைச்சுக்கலாமா? போலீஸ் பிடிக்குமா அண்ணே?"

அந்தக் காலத்து வீரர்கள் முதுகில் விமானத்தின் பெயரையும் படத்தையும் வரைந்துகொண்டார்கள். சீனா, பர்மா, இந்தியா போர்முனையில் இருந்த அமெரிக்கர்கள் நம் நாட்டுக் கைவினைஞர்களிடமே தோலில் சின்னம் செய்து வாங்கித் தைத்துக்கொண்டார்கள். அவர்கள் ஜாக்கெட்டில் தைத்த, சீனக் கொடியும் சீன எழுத்தும் உள்ள துணிச்சதுரம், விமானம் சீனாவில் விழுந்தால் மக்கள் உதவ வேண்டும் என்று கேட்டு எழுதியது. இப்படிப் பழைய சின்னங்களை அலங்காரமாக வைப்பதில் சிக்கல் இல்லை.

இந்திய விமானப் படையின் இறகுச் சின்னம், பதவிப் பட்டி போன்றவை வேறு விஷயம். படைவீரர் அல்லாதவர், தான் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தில் அவர்கள் உடுப்பையோ அடையாளத்தையோ அணிவது குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 140-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168. அந்த இறகைப் பெற ஒருவர் என்ன பாடுபடுகிறார் என்று விமானப் படைத் தளம் உள்ள தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். என்னிடம் கேட்டால் தைக்க மறுத்துவிடுவேன். இன்னொன்று: மேலே சொன்ன ஊசி ஓட்டை இங்கேயும் உண்டு. பேட்ச் பிடிக்காமல் பிரித்தால் தழும்பு நிற்கும். வெல்க்ரோவில் ஒட்டுங்கள்.

"தோல்னாலே பாலாறு ஞாபகம் வருது. தோல் இல்லாம இந்த ஸ்டைல் முடியாதா?"

நியாயமான கேள்வி. நான் இதில் சாப்பிடுகிறவன் என்பதால் மழுப்ப மாட்டேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஆலைக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது உண்மை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, கெடுத்தவரே இழப்பீடு தர வேண்டும் என்றது. அதனால் தோல் வாங்கினால் ஒன்றை வாங்கி இருபது வருஷம் போடுங்கள், எங்கே பதனிட்டது என்று கேளுங்கள். வருஷத்துக்கு ஒரு ரெக்சின் வாங்கி உரித்துப் போடுவதும் குப்பைதான்.

தோலே வேண்டாம் என்றால் வழி இருக்கிறது, அதுவும் அசலான வழி. ஏ-2வுக்குப் பின் 1943-ல் வந்த பி-10 வெளியே பருத்தித்துணியில் தைத்தது, கழுத்தில் ரோமக் காலர். போருக்குப் பின் ஜெட் விமானங்கள் வந்தபோது, நனைந்து விறைக்கும் தோலும் இடத்தை அடைக்கும் ரோமமும் ஒத்துவரவில்லை. நைலானில் எம்ஏ-1 வந்தது. பாராசூட் வாருக்கு இடைஞ்சல் என்று ரோமக் காலரையும் எடுத்துவிட்டுப் பின்னல் காலர் வைத்தார்கள். பிற்கால எம்ஏ-1க்கு உள்பக்கம் ஆரஞ்சு நிறம்; விமானம் விழுந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம், தேடுபவர் கண்ணில் படும். எடை குறைவு, பூஞ்சை பயம் குறைவு, கையால் அலசி மாடிக் கொடியில் காயப்போடலாம். சென்னையில் இருந்துகொண்டு வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் மலைக்குப் போகிறவர் கேட்டால், மெல்லிய பஞ்சு வைத்த எம்ஏ-1ஐத்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறேன்.